வலது கணுக்கால் மூணாவது தடவை மடங்கிடுச்சு: டேப் போட்டு ஆடலாமா, பிரேஸ் வாங்கணுமா?

மன்னை கார்னர் | பிப்ரவரி 3, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ஊர் கபடி டீம்ல லெஃப்ட் கார்னர் ஆடுறேன், அதாவது இடது ஓரத்துல நின்னு ரைடரைப் பிடிக்கிற ஆள். சம்பா அறுத்த வயல்லதான் பிராக்டிஸ். உளுந்து தெளிக்காம விட்ட வயல், காய்ஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. ஒன்பது நாளைக்கு முன்னாடி ரைடரோட கணுக்காலைப் பிடிக்கப் பாஞ்சப்ப என் வலது கால் ஒரு வெடிப்புக்குள்ள இறங்கி, பாதம் உள்பக்கமா சுருண்டு, உடம்பு பாரம் முழுக்க அது மேலயே விழுந்துடுச்சு. வெளிப்பக்க மொளி எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிச்சு. இதே கால் இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சுளுக்கியிருக்கு.

இப்ப வீக்கம் பாதி வத்திடுச்சு. நடக்க முடியுது. படி இறங்குறப்ப மட்டும் சுருக்குன்னு பிடிக்குது. 15-ஆம் தேதி பக்கத்து ஊர்ல மின்னொளி கபடி, மண் தரை, வெறுங்கால் ஆட்டம். டீம்ல எனக்கு மாத்து கார்னர் கிடையாது.

நேத்து மெடிக்கல்ல வெள்ளை பிளாஸ்டர் வாங்கி நானே சுத்திப் பார்த்தேன். அஞ்சே நிமிஷத்துல வேர்வையில கழண்டு உள்ளங்காலுக்கு அடியில சுருண்டுக்கிச்சு. டேப் சரியா போடுறது எப்படி? இல்ல கணுக்கால்ல மாட்டுற பிரேஸ்தான் வாங்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை பிசியோ | பிப்ரவரி 3, இரவு 10.25

தம்பி, டேப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம். எலும்பு முறியவில்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதற்கு ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்ட காலை விரலால் அழுத்தியே வீட்டில் பார்க்கலாம்.

வெளிக்கணு எலும்பின் நுனியிலும், அதன் பின் ஓரத்தில் மேலே 6 செ.மீ. வரையிலும் எலும்பின் மேலேயே அழுத்துங்கள். உள்கணுவிலும் அப்படியே. பிறகு சுண்டு விரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகத் தடவிக்கொண்டே பின்னால் வந்தால் நடுவில் ஒரு மேடு தட்டும், அதை அழுத்துங்கள். கடைசியாக, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே துருத்தி நிற்கும் எலும்பு. இந்த நான்கில் எங்காவது எலும்பிலேயே வலித்தாலோ, அடிபட்ட உடனேயும் அதன் பிறகும் நாலு அடி ஊன்றி நடக்க முடியாமல் இருந்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்பில் வலி இல்லாமல் வெளிக்கணுவுக்கு முன்னாலும் கீழும் உள்ள பள்ளத்தில் மட்டும் வலித்தால் பெரும்பாலும் ஜவ்வுக் காயம். வெளிப்பக்கம் மூன்று ஜவ்வு உண்டு. பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் போவது முன்பக்க ஜவ்வு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏ.டி.எஃப்.எல். என்று வருவது அதுதான்.

இன்னும் இரண்டு சோதனை செய்து எண்ணை இங்கே எழுதுங்கள். ஒன்று, சுவருக்கு எதிரே நின்று குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், கட்டை விரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும், இரண்டு காலுக்கும். அடுத்தது, ஒற்றைக் காலில் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை நொடி நிற்கிறீர்கள் என்பது. விழுந்துவிடாமல் பிடிக்கப் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

பழைய ரைடர் | பிப்ரவரி 4, காலை 5.50

தம்பி, நான் வடுவூர் பக்கம். எங்க காலத்துல டேப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது. புளியும் உப்பும் கரைச்சுக் காய்ச்சிப் பத்து போடுவாங்க, மேல பழைய வேட்டித் துணியைக் கிழிச்சு இறுக்கிக் கட்டிட்டு அன்னிக்கு ராத்திரியே இறங்கிடுவோம். பெருமைக்குச் சொல்லல, என்ன ஆச்சுன்னு கேளுங்க.

1994-ல ஒரு மேட்ச். போனஸ் கோட்டைத் தொட்டுட்டுத் திரும்புறேன், கால் மண்ணுல ஊனின இடத்துலயே நிக்குது, உடம்பு மட்டும் திரும்புது. இடது முட்டிக்குள்ள டொப்புன்னு ஒரு சத்தம். பக்கத்துல நின்னவனுக்கும் கேட்டுச்சு. விடியறதுக்குள்ள முட்டி இளநீர் மாதிரி ஆயிடுச்சு. சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட போனேன், எண்ணெய் போட்டு மூணு நாள் நீவினாரு. வீக்கம் வத்தினதும் முட்டியில மாட்டுற துணி உறை, ‘நீ கேப்’னு சொல்வாங்க, அதை வாங்கி மாட்டிக்கிட்டு ரெண்டு சீசன் ஆடினேன். முட்டி அப்பப்ப விலகும், நானே தட்டி உள்ள தள்ளிக்குவேன். உள்ள ஜவ்வு அறுந்து போனது பத்து வருஷம் கழிச்சு ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள மூட்டு தேய ஆரம்பிச்சிடுச்சு.

இன்னிக்கு என்னால நாத்தங்கால்ல குந்தி உக்கார முடியாது. வரப்புலேருந்து வாய்க்கால்ல இறங்கணும்னா மண்வெட்டியை ஊனி, வலது காலை முதல்ல விட்டு, அப்புறம் இடது காலைக் கையால தூக்கி வைக்கிறேன். நீ கேப் போட்டிருந்தேன், முட்டியைக் காப்பாத்திடும்னு நம்பினேன். அது முட்டிக்குப் போட்ட பனியன், அவ்வளவுதான். கதகதப்பா இருக்கும். ஜவ்வு செய்யற வேலையை அது செய்யாது.

குடந்தை பிசியோ | பிப்ரவரி 4, காலை 7.15

ஐயா சொன்னதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். கால் ஊன்றியிருக்க உடம்பு திரும்புவது, உள்ளே சத்தம், சில மணி நேரத்துக்குள் பெரிய வீக்கம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முட்டியின் முன் குறுக்கு ஜவ்வு அறுந்திருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். நீவக் கூடாது. துணி நீ கேப் எந்த ஜவ்வுக்கும் மாற்று இல்லை. பக்கவாட்டில் கம்பியும் கீலும் வைத்த பிரேஸ் வேறு, மருத்துவர் அளவு பார்த்துத் தருவது. அதையும் அறுந்த ஜவ்வோடு ஆடுவதற்கான அனுமதியாக நினைக்க வேண்டாம்.

மன்னை கார்னர் | பிப்ரவரி 4, இரவு 8.05

அழுத்திப் பார்த்துட்டேன் சார். எலும்புல எங்கயும் வலி இல்ல. நீங்க சொன்ன முன்பக்கப் பள்ளத்துலதான் உயிர் போகுது. அடிபட்ட அன்னிக்கே நொண்டி நொண்டி நடந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

சுவர்: இடது 11 செ.மீ., வலது 6 செ.மீ. கண்ணை மூடி நின்னது இடது கால்ல 26 நொடி, வலது கால்ல 7 நொடி. அந்த 7-ஐப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு. இந்தக் காலை வெச்சா இத்தனை நாள் ரைடரோட கணுக்காலைப் பிடிக்கிற ஆங்கிள் ஹோல்டு பிடிச்சேன்னு இருக்கு.

குடந்தை பிசியோ | பிப்ரவரி 4, இரவு 10.50

அந்த 7 காட்டும் தடுமாற்றமும் உங்கள் மூன்றாவது சுளுக்குக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஜவ்வு கிழிந்தால் பிடிமானம் மட்டும் போவதில்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கிப்போகும். பாதம் மடங்கத் தொடங்கியது தெரிவதற்குள் மடங்கி முடிந்திருக்கும். டேப் இரண்டு வேலை செய்கிறது. மடங்கும் தூரத்தைக் குறைக்கிறது, தோலை இழுத்துப் பிடித்துப் பாதத்தின் நிலையை உணர்த்துகிறது. ஆனால் ஆடத் தொடங்கிய பத்து இருபது நிமிடத்திலேயே அதன் பிடி நன்றாகத் தளர்ந்துவிடும். கபடியில் ஒரு பாதியே 20 நிமிடம். அதனால் டேப்பின் மேல் மட்டும் பாரத்தைப் போடக் கூடாது.

எப்படிப் போடுவது என்று கேட்டீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் வாங்கியது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டராக இருக்கும். தேவை துத்தநாக ஆக்சைடு பசை உள்ள, இழுத்தால் நீளாத 38 மி.மீ. டேப். சர்ஜிக்கல் கடைகளில் ரிஜிட் டேப் என்று கேளுங்கள். அடியில் சுற்ற மெல்லிய நுரை ராப் ஒன்றும் வேண்டும். முந்தைய நாளே கணுக்கால் முடியை மழித்துவிடுங்கள், அன்றைக்கே மழித்தால் எரியும். கால் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் தடவிக் காயவிட வேண்டும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் இந்தக் காயவிடும் வேலையை அவசரப்படுத்தினால் மற்றதெல்லாம் வீண். டிங்சர் பென்சாயின் கொஞ்சம் தடவினால் ஒட்டு நிற்கும், சிலருக்கு அது அரிக்கும், சிறிய இடத்தில் பார்த்துவிட்டுத் தடவுங்கள். குதிநாண் மேலும் பாதம் மடியும் முன்பக்கத்திலும் வாசலின் தடவிய பஞ்சு ஒவ்வொன்று வையுங்கள். கொப்புளம் வருவது அந்த இரண்டு இடத்தில்தான்.

திண்ணை ஓரத்தில் கெண்டைக்கால் வரை நீட்டி உட்காருங்கள். பாதம் 90 டிகிரியில் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து இருக்க வேண்டும். கடைசிச் சுற்று வரை அப்படியே. பாதம் தொங்கிய நிலையில் போட்ட டேப், எந்த நிலையில் கால் சுளுக்குமோ அந்த நிலையிலேயே காலைப் பூட்டிவைக்கும். இதைத்தான் அதிகம் பேர் தப்பாகச் செய்கிறார்கள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளவும் கூடாது, இன்னொருவர் கை வேண்டும்.

கெண்டைச் சதை முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு வளையம், நுனி தோலில் ஒட்டும்படி. இது நங்கூரம், இறுக்க வேண்டாம். அடுத்தது லாடம். உள்பக்க நங்கூரத்தில் தொடங்கி, உள்கணு மேலாக இறங்கி, குதிகாலின் அடியில் புகுந்து, வெளிக்கணு மேலாக ஏறி வெளிப்பக்க நங்கூரத்தில் முடிய வேண்டும். வெளிப்பக்கம் ஏறும்போது நன்றாக இழுங்கள். பாதம் வெளிப்பக்கமாகச் சற்று நிமிர்வது கையிலேயே தெரியும். திசை மாறினால் காயத்தைத்தான் இழுத்துக் கட்டுகிறீர்கள். ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி மூன்று லாடம். பிறகு குதிகால் பூட்டு: டேப் குதிகாலுக்குப் பின்னால் சாய்வாகச் சென்று, அடியில் புகுந்து, முன்னால் வந்து ஏறும். இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு. மேலே மீண்டும் வளையம் போட்டு மூடிவிடுங்கள். ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகக் கிழித்து ஒட்டுங்கள். உருளையை விடாமல் சுற்றினால் ரத்த ஓட்டம் நிற்கும்.

முடிந்ததும் கட்டை விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். மரத்துப்போனாலோ குறுகுறுத்தாலோ உடனே வெட்டி எடுத்துவிடுங்கள்.

வெறுங்கால் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். முன்பாதத்தில் டேப் ஏறவே கூடாது. மண்ணைக் கவ்வ விரலும் முன்பாதமும் வெறுமையாக இருக்க வேண்டும், குதிகால் மட்டும் மூடட்டும்.

நாகை வாலிபால் அக்கா | பிப்ரவரி 5, பகல் 1.30

தம்பி, நான் பிளாக்கர். வலை பக்கத்துல எம்பிக் குதிச்சு இறங்குறப்ப எதிர் டீம் பொண்ணு பாதத்து மேல மிதிச்சு எனக்கும் இதே கால் போச்சு. நாங்க ஷூ போட்டு ஆடுறதால எனக்கு லேஸ் கட்டுற துணி பிரேஸ்தான். ரெண்டு பக்கமும் பட்டை குறுக்கா வந்து ஒட்டிக்கும். தளர்ந்தா செட்டுக்கு நடுவுல ரெண்டு இழுப்பு இழுத்துக்கலாம், ஆள் துணை வேணாம். டேப்புக்கு ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் அரை ரோலுக்கு மேல போயிடும். சீசன் முழுக்கக் கணக்குப் பார்த்தா பிரேஸ் செலவு குறைவு. துவைச்சு நிழல்ல காய வைங்க, ஈரத்தோட போட்டா புண்ணாகும்.

ஆனா வெறுங்கால் கபடிக்கு அது சரிவராது. லேஸைப் பிடிச்சு இழுப்பாங்க, அடியில மண்ணு புகுந்து அறுக்கும். பிளாஸ்டிக் ஓடு வெச்ச பிரேஸ்னா பிடிக்கிறவன் மூஞ்சியில படும். மேட் ஆட்டத்துக்கு ஷூ போடுறப்ப பிரேஸ், மண்ணுக்கு டேப். என் யோசனை இதுதான்.

கார்னர் ஆடுறவங்க விரலையும் பார்த்துக்கோங்க. மோதிர விரல் மடங்கினா பக்கத்து நடுவிரலோட சேர்த்துக் கட்டுவோம். நடுவுல பஞ்சு வெச்சு, மூட்டுக்கு மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை, மூட்டை மட்டும் மறைக்காம விடணும். தினம் பஞ்சை மாத்தணும், இல்லாட்டி தோல் வெளுத்து ஊறிப் போகும்.

இன்னொண்ணு, பந்து பட்டு விரல் நுனி தொங்கிப் போய் தானா நிமிர மாட்டேங்குதுன்னா அது சுளுக்கு இல்ல. விரலை நிமிர்த்தற தசைநாண் அறுந்திருக்கும். எனக்கு சுண்டு விரல்ல ஆச்சு. நுனியை நிமிர்த்தி சிம்பு வெச்சு 6 வாரம் கட்டினாங்க. அதுக்குள்ள ஒரு தடவை மடங்கினாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டாங்க. சிம்பு மாத்துறப்ப விரலை மேசை மேல அழுத்தி வெச்சுக்கிட்டே மாத்துவேன். ஆறு வாரமும் பாத்திரம் தேய்ச்சது எங்க மாமியார். இன்னிக்கு அந்த விரல் நேரா இருக்கு.

பட்டுக்கோட்டை ஓட்டக்காரன் | பிப்ரவரி 5, மாலை 6.10

டிவியில வீரர்கள் தோள்லயும் கால்லயும் நீலம், ரோஸ்ல ஒரு டேப் ஒட்டிக்கிறாங்களே, அது இதைவிட நல்லதா? எந்தக் கலர் எதுக்கு?

குடந்தை பிசியோ | பிப்ரவரி 5, இரவு 9.00

நிறத்துக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. அது கினீசியோ டேப். ஜப்பானின் கென்சோ காசே 1970-களில் உருவாக்கியது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் உலகமே பார்த்தது. தோல் போல நீளும், அதுதான் அதன் குணம். நீளுகிற ஒன்று மூட்டைத் தடுத்து நிறுத்தாது. சிலருக்கு வலி சற்றுக் குறைவதாகத் தோன்றும், ஆய்வுகளில் அந்தப் பலன் சிறியதாகவே தெரிகிறது. கெண்டைச் சதை பிடிப்புக்கு நீங்கள் ஒட்டிக்கொண்டால் தப்பில்லை. ஜவ்வு தளர்ந்த கணுக்காலுக்கு ரிஜிட் டேப்பின் இடத்தில் இதைப் போடாதீர்கள்.

ஓட்டக்காரர்களுக்கு முட்டிச் சில்லின் முன்பக்கம் வலித்தால் இன்னொரு முறை உண்டு. ஆஸ்திரேலிய பிசியோ ஜென்னி மெக்கானல் 1980-களில் கொண்டுவந்தது. சில்லை உள்பக்கமாகத் தள்ளி ரிஜிட் டேப்பால் பிடித்துவைப்பது. வலி குறைகிற அந்த நேரத்தில் தொடைப் பயிற்சி செய்ய வேண்டும். பயிற்சியை விட்டுவிட்டு டேப்பை மட்டும் வைத்துக்கொண்டால் பழைய வலி திரும்ப வரும்.

ஒரத்தநாடு பி.டி. சார் | பிப்ரவரி 6, காலை 6.30

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். தினமும் கட்டிக்கொண்டே இருந்தால் கணுக்கால் பலவீனம் ஆகிவிடாதா? பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

குடந்தை பிசியோ | பிப்ரவரி 6, காலை 8.10

ஆடும்போது மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியையும் விடாமல் செய்தால் பலவீனம் ஆகாது, சார். 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு உங்களுக்குப் பயன்படும். உயர்நிலைப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் 1,460 பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு லேஸ் பிரேஸ் கொடுத்தார்கள். போட்டவர்களிடம் கணுக்கால் காயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிரேஸையும் மீறிக் காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை. டேப்பால் ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கே அதிகப் பலன். உங்களிடம் இருக்கிற டேப்பை எல்லாருக்கும் பங்கு போடாமல் பழைய சுளுக்கு உள்ள பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள்.

ஒரத்தநாடு பி.டி. சார் | பிப்ரவரி 6, இரவு 7.45

நன்றி. செலவில்லாமல் நான் செய்வதையும் சொல்கிறேன். பழைய சாக்கில் பாதி அளவு உமி நிரப்பித் தைத்துவைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதன் மேல் ஒற்றைக் காலில் நின்றபடி எதிரில் நிற்பவரோடு பந்து பிடிக்க வேண்டும். முதல் வாரம் எல்லாரும் விழுவார்கள். ஒரு மாதம் போனால் சாக்கின் மேலிருந்து இறங்க மாட்டார்கள். கபடிப் பெண்கள் அணிக்கு இதை ஆரம்பித்த பிறகு கால் மடங்கியது என்று என்னிடம் வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

மன்னை கார்னர் | பிப்ரவரி 7, இரவு 9.20

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுல டேப் கிடைச்சுது. இன்னிக்கு சித்தப்பா பையனை விட்டுப் போடச் சொன்னேன். பத்தே நிமிஷம், பெருவிரலும் பக்கத்து விரலும் மெழுகு மாதிரி வெளுத்துப் போச்சு. ஊசி குத்துற மாதிரி குறுகுறுப்பு. நகத்தை அழுத்தினா வெள்ளையாவே நிக்குது. உடனே கத்தரிக்கோலால அறுத்தோம். எடுத்ததும் கால்ல ரத்தம் சூடா இறங்கினதை நல்லாவே உணர்ந்தேன். குதிநாண் மேல தோல் வேற உரிஞ்சிருக்கு. கடைசி வளையத்தை அவன் உருளையை விடாம நாலு சுத்து சுத்திட்டான். பஞ்சு வைக்கவும் மறந்துட்டோம்.

சீர்காழி விவசாயி | பிப்ரவரி 7, இரவு 10.15

அறுத்தீங்களே, நல்ல காரியம் பண்ணீங்க. எங்க அக்கா பையன் கபடியில விழுந்து முழங்கைக்குக் கீழ எலும்பு விட்டுப் போச்சு. கட்டு கட்டுறவர் ஒருத்தர் முட்டைப் பத்து போட்டு மூங்கில் பத்தை வெச்சு இறுக்கிட்டாரு. ராத்திரி பூரா அழுதான். வலி இருக்கத்தான் செய்யும்னு நாங்களும் விட்டுட்டோம். காலையில பார்த்தா விரல் எல்லாம் ஊதி நீலமா இருக்கு, விரலைத் தொட்டு நீட்டினாலே அலறுறான். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிக் கையைக் காப்பாத்தினாங்க. ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்கல. பையனுக்கு வயசு பதினஞ்சு.

கட்டுனதுக்கு அப்புறம் வலி குறையணும். கூடுச்சுன்னா கட்டினது யாரா இருந்தாலும் அவுத்துப் பார்த்துடுங்க. அந்த ராத்திரி நான் அவுத்திருக்கலாம்.

குடந்தை பிசியோ | பிப்ரவரி 8, காலை 7.00

ஐயா, நீங்கள் எழுதியது பல பிள்ளைகளின் கையைக் காப்பாற்றும்.

கார்னர் தம்பி, தோல் உரிந்த இடம் ஆறும் வரை அதன் மேல் டேப் வேண்டாம். டேப்பை எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவிப் பசையை ஊறவிட்டு, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மெல்ல உரியுங்கள். இரவு டேப்போடு தூங்கவும் கூடாது.

15-ஆம் தேதி பற்றி நேராகச் சொல்கிறேன். சுவரில் 5 செ.மீ. வித்தியாசம், கண் மூடி 7 நொடி. இந்தக் காலில் எந்த டேப் போட்டாலும் உங்களை ஆட விட மாட்டேன். தினம் மூன்று வேளை சுவர் நீட்டல், குதிகால் தூக்கல், ஒற்றைக் காலில் நிற்பது. வலியில்லாமல் வந்ததும் ஒற்றைக் காலில் தத்துவது, பிறகு வளைந்து ஓடுவது. ஆங்கிள் ஹோல்டு எல்லாவற்றுக்கும் கடைசி.

பழைய ரைடர் | பிப்ரவரி 8, காலை 9.40

மாத்து கார்னர் இல்லைன்னு சொன்னீங்க. எனக்கும் மாத்து ரைடர் இல்லைன்னுதான் இறக்கினாங்க தம்பி. உங்க டீம் மேனேஜர் நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்க, நான் பேசறேன்.

மன்னை கார்னர் | மார்ச் 2, இரவு 8.30

எல்லாருக்கும் தகவல். 15-ஆம் தேதி நான் இறங்கல. ஐயா போன்ல பேசினதுக்கு அப்புறம் மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லல. பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தனைக் கார்னர்ல போட்டோம். கால் இறுதியில தோத்துட்டோம். பையன் மூணு ஆங்கிள் ஹோல்டு சுத்தமா பிடிச்சான். நான் கோட்டுக்கு வெளியில உக்காந்து அவனுக்குக் கத்திக்கிட்டே இருந்தேன்.

இன்னிய கணக்கு: சுவர் வலது 9.5 செ.மீ., கண் மூடி 24 நொடி. உமிச் சாக்கு தைச்சாச்சு சார், டீம் முழுக்க ஏறி நிக்குது. பிராக்டிஸ் வயலை மாத்திட்டோம். ஆத்து மணல் ரெண்டு வண்டி அடிச்சு, வெடிப்பை மூடித் தண்ணி தெளிச்சு மிதிச்சிருக்கோம். பங்குனித் திருவிழா ஆட்டம் மண் தரை, அதுக்கு டேப். சித்தப்பா பையன் இப்ப தனித்தனிப் பட்டையா கிழிச்சு எட்டு நிமிஷத்துல போட்டுடுறான், விரல் சிவப்பா இருக்கு. ஒரே பிரச்சினை, நேத்து எடுத்த ரோல்ல பசை இளகி ஓரமெல்லாம் பிசுபிசுன்னு ஒழுகுது. பழைய சரக்கா?

நாகை வாலிபால் அக்கா | மார்ச் 2, இரவு 9.05

வண்டி பெட்டியில வெச்சிருந்தீங்களா? வெயில்ல பெட்டி அடுப்பு மாதிரி காயும், பசை உருகிடும். டப்பாவுல போட்டு மூடி வீட்டுக்குள்ள குளிர்ச்சியான இடத்துல வைங்க. ஆட்டத்துக்கு எடுத்துட்டுப் போறப்ப துணிப்பைக்குள்ள, தண்ணி பாட்டிலோட சேர்க்காம. இந்த ரோல் இனி பிடிக்காது, ஆட்டத்துக்குப் புதுசு வாங்கிக்கோங்க. இதை அந்தப் பத்தொன்பது வயசுப் பையன்கிட்ட கொடுங்க, போட்டுப் பழகட்டும்.